மனச்சோர்வு மருந்தின் காப்புரிமை முடிந்துவிட்டதாம்; ஜெனரிக் (அதே மருந்தை வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பது) எப்போது வரும், அதற்கு மாறலாமா, அதுவரை மாத்திரையை நிறுத்திவைக்கலாமா?

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், மருந்துக்கடையில் தொகையைக் கேட்டு மலைத்துப்போயிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்த வகை மருந்துகள் பலவற்றைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று உடல் படுத்தி எடுக்கும். அடங்கியிருந்த நோயும் திரும்பலாம். கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஜெனரிக் உள்ள வேறு மருந்தை அவர் யோசிக்கலாம்.

ஜெனரிக் எப்போது வரும் என்பதற்கு வருகிறேன்: காப்புரிமை என்பது ஒற்றைத் தேதி அல்ல. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பது பொது விதி. சோதனைகளிலேயே அதில் பல ஆண்டுகள் போய்விடுவதால் 5 ஆண்டுகள் வரை நீட்டிப்பு உண்டு. குழந்தைகளிடம் ஆய்வு செய்தால் இன்னும் 6 மாதம். மூலக்கூறுக்கு ஒன்று, மாத்திரை மெல்லக் கரையும் முறைக்கு ஒன்று என்று காப்புரிமைகளும் பல. ஜெனரிக் முன்கூட்டியே வருவதும் உண்டு: புரோசாக் என்ற மனச்சோர்வு மருந்தின் காப்புரிமையை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதால், 2003 வரை நீடித்திருக்க வேண்டிய ஏகபோகம் 2001 ஆகஸ்டிலேயே முடிந்தது. காப்புரிமையை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்கும் ஜெனரிக் நிறுவனத்துக்கு 180 நாள் தனிச் சலுகை கிடைக்கும். அந்த நாட்களில் விலை பெரிதாக இறங்காது. பலர் களத்தில் இறங்கிய பிறகுதான் இறங்கும்.

மாறலாமா என்ற கேள்விதான் என்னை எழுதவைத்தது. என் மருந்து பியூப்ரோப்பியன். 1985-இல் அனுமதி பெற்று, வலிப்பு வருகிறது என்பதால் விலக்கப்பட்டு, 1989-இல் திரும்பி வந்த பழைய மருந்து. நாளுக்கு ஒருமுறை விழுங்கும், மெல்லக் கரையும் எக்ஸ்எல் வடிவம் 2003-இல் வந்தது. அதன் 300 மில்லிகிராம் ஜெனரிக் 2006 இறுதியில் அனுமதி பெற்றது. காப்பீட்டு நிறுவனம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதற்கு மாற்றியது. தலைவலி வந்தது, தூக்கம் போனது. மெல்ல மெல்ல, படுக்கையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத அந்தப் பழைய காலைகள் திரும்பின. மாத்திரை மாறியதிலிருந்துதான் இப்படி என்று சொன்னேன். "மனச்சோர்வு அப்படித்தான் ஏறும், இறங்கும்" என்றார் மருத்துவர். வயிற்றுப்புண்காரர் இதையே சொல்லியிருந்தால் மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள். மனநோய் மருந்து சாப்பிடுபவர் சொன்னால் அந்தச் சொல்லே நோயின் அறிகுறியாகிவிடுகிறது. மன்றாடிப் பழைய மாத்திரைக்குத் திரும்பிய பிறகே மீண்டேன்.

இது என் கற்பனை என்று சொல்ல வருபவர்களுக்காக: இதே புகாரைப் பலரும் எழுப்பியிருந்தார்கள். 2008-இல் எஃப்.டி.ஏ. (மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) அவற்றை ஆராய்ந்து, நோயின் இயல்பே காரணமாக இருக்கலாம் என்றது. பிறகு அதுவே 24 ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தது. 2012 அக்டோபரில், ஒரு தயாரிப்பாளரின் 300 மில்லிகிராம் மாத்திரை மூல மருந்துக்கு இணையானதல்ல என்று அறிவித்தது. அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வலிப்பு அச்சத்தால் 300 மில்லிகிராமை நேரடியாகச் சோதிக்காமல், 150 மில்லிகிராம் முடிவை வைத்தே அதற்கு அனுமதி தந்திருந்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

நான் ஜெனரிக்கின் எதிரி அல்ல. இப்போது நான் சாப்பிடுவதும் வேறொரு ஜெனரிக்தான்; நன்றாக இருக்கிறேன். ஜெனரிக் அனுமதிக்கான 80 முதல் 125 விழுக்காடு என்ற வரம்பைக் காட்டி, மருந்தின் அளவே அவ்வளவு கூடிக் குறையும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். ரத்தத்தில் சேரும் அளவை மூல மருந்தோடு ஒப்பிடும் கணக்கின் நம்பக இடைவெளி (சராசரியோடு, அதன் இருபுறமும் பிழைக்கு இடம் விட்ட எல்லை) முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அப்படி அடங்கும் மருந்துகளின் சராசரி வித்தியாசம் பொதுவாகச் சிறியதே. மெல்லக் கரையும் மாத்திரைகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அவற்றில் கரையும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

ஆகவே தாராளமாக மாறுங்கள். ஆனால் குப்பியில் உள்ள தயாரிப்பாளரின் பெயரைக் குறித்துவையுங்கள். ஒத்துக்கொண்டால் அதே தயாரிப்பாளரின் மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். நிறமோ வடிவமோ மாறினால் உடனே விசாரியுங்கள். உடல் வேறுவிதமாகச் சொன்னால் தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்துப் புகார்களைப் பெறும் எஃப்.டி.ஏ.யின் மெட்வாட்ச்சிலும் பதியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் பின்னால் வரிசை நிற்கும்போதே, இது எதற்கான மருந்து என்று எல்லோர் காதிலும் விழும்படி உரக்கக் கேட்கிறார்கள். எத்தனை பேர் இதற்கு அஞ்சியே மறுமுறை வாங்கப் போகாமல் இருக்கிறார்களோ! தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். மருந்தாளுநரை ஒதுக்குப்புறமாக வந்து பேசும்படி கேளுங்கள். தயாரிப்பாளர் பற்றிய கேள்வியையும் அப்போதே கேட்டுவிடலாம்.