கேள்வி – பதில்: எந்த மணிக்கூடு சரி?

2005 ஜூலை 7 லண்டன் சுரங்க ரயில் குண்டுகள் அரைமணிக்கிட்ட இடைவெளியில் வெடித்ததாக முதலில் சொன்னார்கள். பிறகு 50 செக்கனுக்குள் என்றார்கள். எது சரி? – வாசகர், கொக்குவில்

பிந்தியதே சரி. அன்று வெளிவந்த 8.51, 8.56, 9.17 என்ற நேரங்கள், செய்தி மேலே வந்து சேர்ந்த வரிசையில் போட்டவை. சுரங்கத்துக்குள் இருளும் புகையும். முதலில் மின்கோளாறு என்றுதான் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரயில் நிர்வாகத்தின் தொழினுட்பப் பதிவுகளைப் பார்த்தபோதுதான், மூன்றும் 8.50ஐ ஒட்டி வெடித்தது தெரிந்தது. மனிதர் சொல்லும் நேரத்தைவிட இயந்திரம் தானாக எழுதும் நேரம் நம்பகமானது.

ஆனால் ஒரே நேரத்தில் வெடித்தது என்பதால் மட்டும் தற்கொலைத் தாக்குதல் என்று சொல்லிவிட முடியாது. நேரம் குறித்து வைத்த குண்டும் அப்படித்தான் வெடிக்கும். உடற்பாகங்கள் கிடந்த இடமும், செப்டெம்பர் 1இல் ஒளிபரப்பான, குண்டுதாரிகளின் தலைவரது காணொளியும் சேர்ந்துதான் நோக்கத்தைக் காட்டின.

நான்காவது குண்டு 9.47க்கு, 30ஆம் இலக்க பஸ்ஸில். 8.55 அளவில் அந்தக் குண்டை வைத்திருந்தவர் மற்ற மூன்று குண்டுதாரிகளுக்கும் கைபேசியில் அழைத்துப் பார்த்திருக்கிறார். அதன்பின் ஸ்டேஷன் கடையில் பற்றரி வாங்கியிருக்கிறார். அவருடைய குண்டு முதலில் வெடிக்கவில்லை, பஸ் முதல் திட்டத்தில் இல்லை என்று கருத இவை இடம் தருகின்றன.

குண்டுதாரிகள் லண்டனுக்கு ரயில் ஏறிய லூட்டன் நகரில் விட்ட காருக்கு அன்றைய தரிப்பிடச் சீட்டு எடுத்திருந்தார்களாமே, திரும்பிவர நினைத்தார்களோ? – வாசகி, நல்லூர்

ஒரு காரில் சீட்டு இருந்தது, மற்றதில் இல்லை. சீட்டில்லாததைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் கவனிக்கக்கூடாது என்றும் சீட்டு எடுத்திருக்கலாம். ஒற்றைத் துண்டில் நோக்கத்தை எழுதினால் இப்படித்தான் வழுக்கும்.

அரச அறிக்கையே வழுக்கியது. 2006 மே அறிக்கை அவர்கள் 7.40 ரயிலில் ஏறியதாகச் சொன்னது. அந்த ரயில் அன்று ஓடவேயில்லை. ஏறியது 7.25 ரயில், லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையம் சேர்ந்தது 8.23. ஜூலையில் நாடாளுமன்றத்தில் திருத்தினார்கள். அறிக்கை எழுதியவர்கள் அன்று உண்மையில் ஓடிய பதிவை ஒப்பிட்டிருக்க வேண்டும்.

எங்கள் கடைக் கமரா நாலு நிமிடம் முந்தி ஓடுகிறது. பஸ் நிலையச் சம்பவத்துக்குப் பொலிஸார் பதிவு கேட்கிறார்கள். நேரத்தைத் திருத்திவிட்டுக் கொடுக்கவா? – கடைக்காரர், சாவகச்சேரி

தொடவே வேண்டாம். திருத்தினால் எவ்வளவு முந்தியிருந்தது என்பதே அழிந்துவிடும். கமரா திரையையும் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். திரையில் 9.14.20, கைபேசியில் 9.10.05 என்றால் வித்தியாசம் 4 நிமிடம் 15 செக்கன். அப்படியானால் பதிவில் 8.04.15 என்று தெரியும் சம்பவம் நடந்தது சரியாக 8.00க்கு. வித்தியாசத்தைத் திகதியோடு எழுதிக் கையொப்பமிட்டுக் கொப்பியோடு கொடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழையதன்மேல் எழுதிவிடும். திரையைக் கைபேசியால் படம்பிடித்துக் கொடுப்பது மூலப்பதிவாகாது.

பழைய சம்பவங்களை ஆராய்பவர்களுக்கு ஒன்று: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் முன்தள்ளப்பட்டிருந்தது, முதலில் ஒரு மணி, ஒக்டோபரிலிருந்து அரைமணி. வன்னியில் புலிகளின் பகுதியில் பழைய நேரமே ஓடியது. 1996 ஜூலை 24 தெகிவளை ரயில் குண்டுவெடிப்பு நடந்தது அந்த ஒரு மணி வித்தியாச காலத்தில்.