நீங்கள் தட்டிலேயே விட்டுவிட்டு வந்த பேனா

கேள்வி: இரண்டு வருடமாகப் பழம்பொருள் கடைகளில் பழைய மைப்பேனா தேடுகிறேன். கண்ணில் படுவதெல்லாம் குப்பை. பக்கவாட்டில் இருக்கும் மை நிரப்பும் லீவரை இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. சிலவற்றைத் திறந்தால் ரப்பர் நொறுங்கிக் கொட்டுகிறது. கறுப்புப் பேனாக்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. போதாததற்கு யார் யாரோ பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு தட்டில் பார்க்கர் என்று போட்ட பேனா ஒன்று கிடந்தது. நிப்பே வெளியில் தெரியவில்லை. ஏதோ பிற்காலத்து மலிவுச் சரக்கு என்று வைத்துவிட்டு வந்தேன். தங்கம்போல மின்னிய ஒன்றை மட்டும் வாங்கினேன். அது காகிதத்தைக் கீறுகிறது. பழுதுபார்த்த பேனாவே இணையத்தில் கிடைக்கும்போது கடை கடையாக அலைவது வீண்வேலை என்கிறான் நண்பன். சரிதானா?
- ஒரு வாசகர்

பதில்: நண்பர் சொல்வது சரியில்லை. நீங்கள் தேடிய விதமும் சரியில்லை. ஒதுக்கிய பேனாக்களுக்கு நீங்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட ஒரு பேனாவை ஒதுக்கப் போதாது. வாங்கிய ஒரே பேனாவையும் பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பார்க்கர். கூம்பிய முனையிலிருந்து நிப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது என்றால், அது 1941-இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சீக்கிரம் உலரும் மைக்காக வடிவமைத்த பேனா அது. நிப் திறந்து கிடந்தால் மை அதிலேயே காய்ந்துவிடும் என்பதால் நிப்பைக் கூட்டுக்குள் வைத்து மூடினார்கள். உள்ளே இருப்பது குழாய்போல வளைத்த தங்க நிப். 1948-க்குப் பிறகு வந்தவற்றில் மை தங்கும் பை ரப்பருக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருக்கும். எழுபது வருடம் கழித்தும் அந்தப் பை பெரும்பாலும் கெடுவதில்லை. வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நாலைந்து முறை அழுத்தி அலசி, மை நிரப்பி எழுதத் தொடங்கியவர்கள் ஏராளம். நீங்கள் மலிவுச் சரக்கு என்று நினைத்தது பழைய பேனாக்களிலேயே நம்பி வாங்கக்கூடிய ஒன்றாக இருந்திருக்கலாம்.

இதே தோற்றத்தில் 21 என்று ஒரு தம்பியும் உண்டு. அதன் நிப் எஃகு. நிப்பை மூடும் கூடு விரிசல் விடும். வேறு நிறுவனங்களின் நகல்களும் நிறைய. அதனால் உடலைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோக உறையில் 51 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். 1948-க்கு முந்தைய வகையில் அந்த உறை இருக்காது. பின்புற மூடியைத் திருகினால் அழுத்தும் தண்டு ஒன்று வரும். அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தெரிந்தவர் கையில் கொடுத்து மாற்ற வேண்டும்.

அடுத்து லீவர். அசையவில்லையா, கையை எடுத்துவிடுங்கள்! உள்ளே இருக்கும் ரப்பர் பை பல பத்தாண்டுகளில் கல்லாக இறுகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஷீஃபர் பேனா நிறுவனத்தைத் தொடங்கிய வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை பெற்ற இந்த லீவர் முறை மிக எளிமையானது. லீவர் ஒரு பட்டையை அழுத்தும், பட்டை பையை நசுக்கும், விட்டதும் பை விரிந்து மையை உறிஞ்சும். பை இறுகிய பேனாவில் லீவரைப் பலவந்தமாக இழுத்தால் லீவர் உடையும், அல்லது உடலின் சுவர் பிளக்கும். நல்ல பேனா அந்த ஒரு நொடியில்தான் நிஜமாகவே குப்பையாகிறது. நீங்கள் கடை கடையாக இழுத்துப் பார்த்ததில் எத்தனை அப்படி ஆயிற்றோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நொறுங்கிக் கொட்டும் ரப்பரும் இதே கதைதான். கழுத்துப் பகுதியை மிதமான சூட்டில் இளக்கிக் கழற்றி, பழைய பையைச் சுரண்டி எடுத்து, புதுப் பையை அரக்கு வார்னிஷால் ஒட்டினால் ஆயிற்று. பழைய பேனா வாங்குகிறவர் இதைச் சைக்கிளுக்கு ட்யூப் மாற்றுவதுபோல எடுத்துக்கொள்ள வேண்டும். சூடு என்றதும் தீக்குச்சியைக் கிழித்துவிடாதீர்கள். பல பழைய பேனாக்களின் உடல் செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக், அது நொடியில் பற்றிக்கொள்ளும்.

பேனா என்ன பொருளில் ஆனது என்று மூக்கு சொல்லிவிடும். உடலைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து முறை சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். லேசான கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். நீங்கள் வெறுக்கும் அந்தப் பழுப்பு, கறுப்பு எபோனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் பட்டு நிறம் மங்கியது. அழகு குறையும், எழுத்து குறையாது. ஆனால் எபோனைட்டைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஓரளவு கறுப்பாகவே இருந்த ஒரு மூடியைச் சுத்தம் செய்கிறேன் என்று இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது காய்ந்த ஆலிவ் நிறத்தில் இருந்தது. அந்தப் பேனாவை இன்றும் வைத்திருக்கிறேன். எழுதுகிறது, ஆனால் எடுக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. ஸ்பிரிட்டையும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் எந்தப் பழைய பேனாவின் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

செல்லுலாய்டில் மட்டும் நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. உடலுக்குள் நூல்நூலாக விரிசல் ஓடி, காரமான அமில நெடி அடித்து, கிளிப்பும் வளையமும் காரணமில்லாமல் அரித்திருந்தால் அந்தப் பொருளே சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்தில் இருக்கும் பேனாக்களின் உலோகத்தையும் அரிக்கும்.

பொறித்த பெயர் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவே மாட்டேன். சேகரிப்பாளர்கள் பெயர் இருந்தால் விலையைக் குறைப்பார்கள், அது உண்மை. எழுதுவதற்கு வாங்குகிற உங்களுக்கு அது லாபம்தானே? பேனாவைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த எழுத்துகளின் ஓரம் விரல்பட்டு மழுங்கியிருப்பது தெரியும். ஒருவர் தினமும் எழுதிய பேனா அது. தேய்த்து அழிக்காதீர்கள்.

சரி, நீங்கள் வாங்கிய பேனாவுக்கு வருவோம். தங்க நிறம் எதையும் சொல்லாது. எஃகு நிப்பிலும் முலாம் பூசுவார்கள். நிறுவனத்தின் பெயரே இல்லாமல் வாரன்டட் 14 கேரட் என்று மட்டும் பொறித்த நிப்புகள் உண்டு. தங்கம்தான், ஆனால் பெரும்பாலும் மலிவுப் பேனாக்களில் போட்டவை, அல்லது பின்னால் யாரோ மாற்றியவை. பார்க்க வேண்டியது நிப்பின் நுனியை. அங்கே குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டை ஒன்று பற்றவைத்திருப்பார்கள். பேச்சுவழக்கில் இரிடியம் என்போம். கடினமான உலோகக் கலவை அது. காகிதத்தில் தேய்வது அதுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே அளவில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பாதி மேலே ஏறியிருந்தால் கீறும், அதைச் சரிசெய்துவிடலாம். உங்கள் பேனாவின் கோளாறு அதுவாகவே இருக்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உருண்டையே தேய்ந்து சப்பையாகிவிட்டது, அல்லது ஒரு பாதி இல்லை என்றால் கதை வேறு. புதிதாக முனை பற்றவைக்கும் கைவினைஞர்கள் மிகச் சிலரே, செலவு பேனாவையே மிஞ்சும். இதில் எஸ்டர்புரூக் நிறுவனத்தின் ஜே வகைப் பேனாவுக்கு மட்டும் விலக்கு. அதில் நிப்பும் அதன் அடியில் மையைக் கொண்டுவரும் கட்டையும் சேர்ந்து திருகாணிபோலக் கழன்று வரும், வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். நிப்பில் 9668 போல 9-இல் தொடங்கும் எண் இருந்தால் அது கடின முனை வைத்த உயர்ந்த ரகம்.

நிப்புக்கு அடுத்து மூடியின் விளிம்பு. நகத்தால் சுற்றிலும் மெல்ல வருடுங்கள். நகம் ஓரிடத்தில் தட்டினால் மயிரிழை விரிசல் இருக்கிறது, பேனாவை வைத்துவிடுங்கள்.

நண்பரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாணயமான பழுதுபார்ப்பவரிடம் முடித்த பேனா வாங்குவது நல்ல வழிதான். ஆனால் படத்தைப் பார்த்துப் பேனாவை முகர முடியாது, விளிம்பை வருட முடியாது. அப்புறம் கடையில் பார்க்க வேண்டியது விலை மட்டுமில்லை, நாணயமும்தான். நாற்காலி, கடிகாரம், பாத்திரம் பற்றி எல்லாம் தெரிந்த கடைக்காரருக்குப் பேனா தெரியாமல் இருக்கலாம். பேரம் பேசுங்கள், தப்பில்லை. நல்ல பேனா என்று தெரிந்துகொண்டே உடைசல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தக் கடைக்கு நாளைக்கே போங்கள். லென்ஸ், சின்னக் குப்பியில் தண்ணீர், பஞ்சுபோன்ற காகிதம், எழுதிப்பார்க்க ஒரு தாள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நிப்பின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எட்டு வடிவம் போட்டுப் பாருங்கள். கீறுகிறதா, வழுக்குகிறதா என்று கை சொல்லும். முதலில் வெறும் ஈரக்கோடு வரும். சில பேனாக்களில் நாலாவது ஐந்தாவது சுழிப்பில் கோடு மெல்ல நீலமாகும். கடைசியாக அதை வைத்திருந்தவர் அலசாமல் விட்ட மை, இத்தனை வருடம் கழித்துக் கரைந்து வருகிறது. மை வரும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. துடைத்து மூடிவிட்டு விலை கேளுங்கள்.