எந்தச் சலிப்பைத் தாங்குவாள் என்று பாருங்கள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாட்டிக்கு நினைவு தப்பத் தொடங்கியதிலிருந்து மூளை செல் ஆராய்ச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்த மகள், இப்போது திடீரென்று வருமானம் ஏன் இப்படி ஏற்றத்தாழ்வாகப் பிரிகிறது என்று படிக்கப்போகிறேன், பொருளாதாரம்தான் என்கிறாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே, பெண் குழம்பிப்போயிருக்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1817-இல் லண்டனில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் நடுக்குவாதம் பற்றி எழுதிய சிறு நூல். மற்றொன்று டேவிட் ரிகார்டோ என்ற பொருளாதார அறிஞர் எழுதியது. விளைந்தது நிலக்காரருக்குக் குத்தகையாகவும் முதலாளிக்கு லாபமாகவும் உழைப்பவருக்குக் கூலியாகவும் எந்த விதிப்படி பிரிகிறது என்பதே பொருளாதாரத்தின் தலையாய சிக்கல் என்றார் அவர். இருநூறு வருடம் தாண்டியும் இரண்டு வழக்கும் முடியவில்லை. பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமைன் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் ஏன் அதிகமாகச் சாகின்றன, அருகிலேயே இருக்கும் வேறு செல்கள் எப்படித் தப்புகின்றன? ஒரே சந்தையில் உழைக்கும் இருவரில் ஒருவர் பங்கு மட்டும் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது? ‘ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை’ என்று கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் பிடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் கேள்வி பிடிப்பது வேறு, அந்தக் கேள்வியோடு முப்பது வருடம் குப்பை கொட்டுவது வேறு. நான் பார்த்த வரையில், பாதியில் விட்டு வந்த மாணவர்களில் பெரும்பாலோருக்குத் துறை பிடிக்காமல் போகவில்லை. அன்றாட வேலைதான் பிடிக்காமல் போனது.

செல் ஆராய்ச்சியில் அன்றாடம் என்ன நடக்கிறது? உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து செல்லைக் கிள்ளி எடுத்துப் பார்க்க முடியாது. அதனால், 2006-இல் எலிச் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா காட்டிய வழியில், தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லை, பல வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதை நரம்பு செல்லாக வளர்க்கிறார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஊட்டத் திரவத்தை நேரம் தவறாமல் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று செல்லுக்குத் தெரியாது. ஒரு பாக்டீரியா நுழைந்தால் மொத்தத் தட்டையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல ஆய்வகங்களில் எலிகளைக் கொன்று மூளையை வெட்டிப் பார்க்கும் வேலையும் உண்டு. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அத்தோடு, நம்பிய கோட்பாடே ஆட்டம் காணலாம். நினைவைத் தின்னும் அல்சைமர் நோய்க்கு மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதுதான் தொடக்கம் என்ற கருதுகோள் 1992-இல் வடிவம் பெற்றது. அதை நம்பிச் செய்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனையில் தோற்றன. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானமாப் கூட நோயைக் குணப்படுத்துவதில்லை. 18 மாதச் சோதனையில் சரிவின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது, அவ்வளவுதான். இன்று டௌ புரதம், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா என்று பல பக்கமும் தேடுகிறார்கள். பாட்டிக்காக இந்தத் துறைக்குப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு இந்த வேகம் வலிக்கும். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது.

பொருளாதாரப் பக்கம் வருவோம். கட்டுரை எழுதும் படிப்பு என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தவறு. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் மூன்றும் இல்லாமல் மேற்படிப்பில் கால் வைக்க முடியாது. கணக்குக்குப் பயந்து பொருளாதாரம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இங்கே ஆய்வாளரின் நாள் பெரும்பாலும் கணினி முன்னால், அரைகுறையான தரவைச் சுத்தம் செய்வதில் போகும். ஐந்து பேரின் வருமானம் 1, 2, 3, 4, 10 என்று வையுங்கள். ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (எல்லாருக்கும் சமமென்றால் 0, இடைவெளி கூடக்கூட 1-ஐ நெருங்கும்) 0.40 வரும். பத்து சம்பாதிப்பவர் கணக்கெடுக்க வந்தவரிடம் பேச மறுத்தால், மிச்ச நால்வரை வைத்து வருவது 0.25. ஒரே ஒரு கதவு திறக்கவில்லை, நாடே சமத்துவ நாடாகிவிட்டது! இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்க, வரிக் கணக்குகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே பல வருடம் போகும்.

இங்கே சண்டை தீரவே தீராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவரவர் உழைப்பு கடைசியாகக் கூட்டுகிற விளைச்சலுக்கு ஏற்பவே கூலி அமைகிறது என்றார் ஜான் பேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1899-இல். இல்லை, பேரம் பேசும் வலுதான் தீர்மானிக்கிறது என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வளர்ச்சியின் தொடக்கத்தில் இடைவெளி கூடும், பிறகு தானே குறையும் என்று 1955-இல் கோடு காட்டினார் சைமன் குஸ்நெட்ஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர். தன் கட்டுரையில் ஐந்து சதவீதம்தான் தரவு, மீதி ஊகம் என்று அவரே எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் ஊகத்தைப் பிடித்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். பல பணக்கார நாடுகளில் 1980-க்குப் பிறகு இடைவெளி மறுபடி விரிந்தது.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூளை ஆராய்ச்சியில் சொந்தமாக ஆய்வு நடத்த முனைவர் பட்டமும் அதற்குப் பிறகு சில வருடப் பயிற்சியும் வேண்டும்; முப்பது வயது தாண்டித்தான் நிலைபெற முடியும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. மருந்து நிறுவனம், மருந்துச் சோதனை, தரவு ஆய்வு என்று பக்கவழிகள் உண்டு. பொருளாதாரத்தில் முதுகலையோடு நின்றாலும் வங்கி, புள்ளியியல் துறை, கொள்கை ஆய்வு என்று இறங்க இடம் இருக்கிறது. பாதியில் இறங்கினால் அடி குறைவாகப் படுவது பொருளாதாரத்தில்தான் என்பது என் கணிப்பு. பேசாமல் டாக்டருக்குப் படிக்கட்டுமே என்கிறீர்கள். படிக்கலாம், அங்கிருந்தும் ஆராய்ச்சிக்கு வரலாம். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லையே.

எதை எடுத்தாலும் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் வீண்போகாது. செல் படங்களை எண்ணுவதும் இப்போது நிரல்தான். அதனால் பைத்தான் என்ற நிரல் மொழியை இந்த விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

இரண்டு வார வேலை ஒன்று தருகிறேன். முதல் வாரம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நுண்ணோக்கிப் படங்கள் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றிலும் செல்களைக் கையால் எண்ணட்டும். மறுநாள் அதே படங்களை மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறிக்கட்டும். இரண்டாம் வாரம், மேலே நான் போட்ட கினி கணக்கை இருபது பேருக்குக் கையால் போட்டு, ஒவ்வொருவராக நீக்கி என்ன மாறுகிறது என்று பார்க்கட்டும். எந்த வாரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்று நீங்கள் கவனியுங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று அவள் ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு அவளை மட்டும் அனுப்புங்கள் அம்மா. நீங்கள் அதை முன்கூட்டியே படிக்க வேண்டாம்.