வெஜிமைட்டை ஜாம் மாதிரி தடவாதீர்கள்

மெல்போர்னிலிருந்து மச்சான் கொண்டுவந்த வெஜிமைட் கசக்கிறது, கெட்டுவிட்டதா, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. அதன் குணமே அதுதான்: பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டைச் சுண்டவைத்து உப்புச் சேர்த்தது. அங்கே 1923-இல் விற்பனைக்கு வந்தது. இதே மாதிரி ஈஸ்ட்டில் செய்யும் இங்கிலாந்தின் மார்மைட் அதற்கு மூத்தது, 1902.

ஜாம் என்று நினைத்துக் கரண்டியால் அள்ளியிருப்பீர்கள். நானும் ஏற்காட்டுக் குளிரில் அப்படித்தான் முதல் கடியைத் துப்பினேன். சூடான டோஸ்ட்டில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, மேலே கத்தி நுனியளவு மட்டும் இழுத்துவிடுங்கள். ரொட்டி நிறம் தெரிய வேண்டும். நாம் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிற அளவுதான் கணக்கு. வெள்ளைக்காரரிடம் நார்த்தங்காயைக் கொடுத்தால் அவர் முகமும் இப்படித்தான் போகும்!

இந்த மார்மைட்டுக்கு நம் நாட்டோடும் தொடர்புண்டு. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அது மார்மைட்டால் குணமாவதை 1931-இல் எழுதினார். காரணம் அதிலிருக்கும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் என்று பின்னால் தெரிந்தது.

டோஸ்ட்டில் பிடிக்காவிட்டால், காளான் வதக்கும்போது கால் ஸ்பூன் கரைத்து ஊற்றுங்கள், உப்பைக் குறைத்துக்கொண்டு. தட்டுவடை செட்டில் மட்டும் வேண்டாம், நான் முயன்று பார்த்துவிட்டேன். அப்புறம், வீட்டில் யாருக்காவது ரத்தக் கொதிப்பு இருந்தால் அவர்கள் தட்டில் வைக்காதீர்கள்.