குறைப்பதற்காக வாங்கியவை

அன்புள்ள ஐயா,

புவி வெப்பமடைதலைப் பற்றிப் படித்ததிலிருந்து ஆறு மாதங்களாக நுகர்வைக் குறைத்துவருகிறேன். மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், இயற்கைப் பருத்தி ஆடைகள் என மாறிவிட்டேன். நான்காண்டுப் பழைய கைப்பேசியையும் மின்சாரம் குறைவாக இழுக்கும் ஒன்றுக்கு மாற்ற எண்ணம். ஆனால் அமெரிக்கர் நம்மைவிட ஏழு மடங்கு கரியமிலவாயுவை வெளியிடும்போது என்னுடைய இந்தத் தியாகத்துக்கெல்லாம் பொருள் உண்டா?

வா.சு., ஈரோடு

அன்புள்ள வா.சு.,

கணக்கு சரிதான். சராசரி இந்தியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன், அமெரிக்கர் 14 டன். ஆனால் அந்தச் சராசரி இந்தியர் நீங்களும் அல்லர், நானும் அல்லேன். அவருடைய இல்லாமைக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது கூச்சம் தருகிறது. அதை விடுங்கள்.

உங்கள் பட்டியலைத்தான் மூன்று முறை படித்தேன். அதில் உள்ள அத்தனையும் புதிதாக வாங்கியவை! இருந்த சட்டைகளை என்ன செய்தீர்கள்? உறிஞ்சுகுழல் இல்லாமல் இளநீர் இறங்காதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், குறைப்பதற்குக் கடைக்குப் போன முதல் ஆள் நீங்கள் இல்லை.

என் அம்மாவின் மிக்சி இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியது. பொறி பறந்து கருகல் வாடை வந்தால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒருவரிடம் எடுத்துப்போவேன். புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்துபோன கார்பன் பிரஷை அவர் உள்ளிருந்து உருவி என் உள்ளங்கையில் வைப்பார். செப்புப் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துப் புதியதைச் செருகி, வெறுமனே ஒருமுறை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சென்ற ஆண்டு என்னுடைய நான்காண்டு மிக்சி நின்றபோது நிறுவனத்தின் சேவை மையத்தில், அந்த உதிரிபாகம் இப்போது வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் புதியது எடுங்கள் என்று சிரித்தபடி சொன்னார்கள். கழற்ற முடியாதபடி ஒட்டி, பாகம் தராமல் நிறுத்தி, பிறகு நம்மிடம் சிக்கனம் பேசுகிறவர்கள்மீது எனக்கு ஆத்திரம் உண்டு. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்குக்கும் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024இல், சில பொருட்களைப் பழுதுநீக்கித் தருவதை உற்பத்தியாளரின் கடமையாகவே ஆக்கியது. தியாகம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லை வைத்துவிட்டு இப்படி ஒரு சட்டத்தைக் கேட்டு நச்சரியுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை ஓராண்டு முழுக்கச் சார்ஜ் செய்தாலும் சில யூனிட்டுகளே ஆகும். அதன் கரியக் கணக்கில் பெரும்பங்கு தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள்.