அக்கா இருக்கும் இடத்தை யாரிடம் சொல்வது?

கேள்வி: அக்காவைப் பாம்பன் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மச்சான் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில்தான், குடியும் அடியும் அப்போதுதான் அதிகம். அக்கா பிள்ளையோடு வெளியூரில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். புகார் கொடுக்கச் சொன்னால், "ஒரு ஆபீஸ்ல சொன்னா நாலு ஆபீஸுக்குப் போகும், கடைசில அவன் காதுக்கும் போயிரும்" என்கிறாள். ஸ்டேஷனிலும் மச்சானுக்கு ஆள் பழக்கம். என்ன செய்வது?
- வாசகி, மண்டபம்

பதில்: அக்காவின் பயம் நியாயமானது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு நியமிக்கும் அதிகாரி) எழுதும் சம்பவ அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், நகல் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போகும். போகத்தான் வேண்டும். அவன் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது, அரிவாளை எடுத்தது, ஸ்டேஷனில் யார் அவனுக்கு வேண்டியவர், இதெல்லாம் தெரியாத போலீஸ்காரர் நாளைக்கு அவசரமாகக் கூப்பிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார். ஆபத்தை ஒன்றுவிடாமல் சொல்லட்டும். ஆனால் தங்கியிருக்கும் வீடு, அடைக்கலம் கொடுத்தவர் பெயர், இந்த இரண்டும் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டியதே இல்லை.

அறிக்கையிலும் கோர்ட் மனுவிலும் இப்போதைய முகவரி கேட்கும் இடத்தை யோசிக்காமல் நிரப்பிவிட வேண்டாம், ஏனென்றால் மனு நகல் எதிர்மனுதாரரான மச்சான் கைக்குப் போகும். வேறு எந்த முகவரி கொடுக்கலாம் என்று பாதுகாப்பு அலுவலரிடமோ வக்கீலிடமோ முதலிலேயே கேட்டுவிடுங்கள். அக்கா தங்கியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம், சம்பவம் நடந்த ஊர்ப் பக்கமும் போடலாம். சம்பவம் நடந்த ஊர்ப் பக்கம் போட்டால் புது ஊரின் பெயர் காகிதத்தில் வராது. சரி, வீட்டை விட்டு அரசு காப்பகத்துக்கே போகிறாள் என்றால், அவள் கேட்டுக்கொண்டால் அங்கே இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று விதியே இருக்கிறது. கேட்க வேண்டும், அதுதான் முக்கியம், எழுதியே கொடுக்கட்டும்.

அலுவலகங்களைவிட எனக்குப் பெரிய கவலை ரேஷன் கார்டு. அதில் மச்சானின் செல் நம்பர் இருந்தால், அக்கா அந்த ஊர்க் கடையில் அரிசி வாங்கிய அடுத்த நிமிடம் மெசேஜ் அவன் போனுக்குப் போய்விடும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். பிள்ளைக்கு டிசி கேட்கும்போதும் புதுப் பள்ளியின் பெயரைப் பழைய பள்ளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம், தலைமையாசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அப்பா வந்து கேட்டால் என்ன பதில் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் "பெண்டாட்டியைக் காணோம்" என்று புகார் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கு முன்னால் அக்காவே, விருப்பப்பட்டுத்தான் வந்தேன், முகவரியை அவரிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதி ராமநாதபுரம் எஸ்.பி. அலுவலகத்துக்குப் ஸ்பீட் போஸ்டில் அனுப்பட்டும், ஆனால் அவள் இருக்கும் ஊர்த் தபால் நிலையத்தில் போட வேண்டாம். அப்புறம் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசட்டும், மச்சான் வாங்கிக்கொடுத்த போனிலிருந்து மட்டும் வேண்டாம்.