இருமல் மருந்தில் போதை தருவதை மட்டும் வீட்டிலேயே பிரித்தெடுத்துச் சாப்பிட்டால் ஆபத்தில்லை என்கிறான் அறைத்தோழன். உண்மையா?

உங்கள் அறைத்தோழன் சில மாதமாகப் போதைக்காக இருமல் மருந்து குடிக்கிறான். அதில் கலந்திருக்கும் மற்ற மருந்துகள்தான் உடம்பைக் கெடுக்கும், இருமலுக்கானதை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால் பயமில்லை என்று சொல்கிறான். பிரிப்பதற்குச் செய்முறையும் வைத்திருக்கிறான். அவன் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். நான் மருந்து ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு மருந்துக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் அன்றாட வேலை. அதற்கு முன்பு, வேதியியல் முதுகலை படித்தபோது, இதே காரியத்தைச் செய்த ஒருவனோடு ஒரே அறையில் இருந்தேன். அவனுக்குக் கண்ணாடிக் குடுவை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

முதலில் அந்தப் பாதி உண்மை. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல இருமல் மருந்துகளில் இருமலை அடக்குவது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். அமெரிக்காவில் 1958-இல் அனுமதி பெற்றது. அபின் வகை மருந்தான கோடீன் ஆளை அடிமைப்படுத்துகிறது, அப்படிச் செய்யாத ஒன்று வேண்டும் என்று தேடித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ரோமிலார் என்ற பெயரில் மாத்திரையாக வந்ததை ஆட்கள் போதைக்கு விழுங்க ஆரம்பித்ததால் 1973-இல் அதைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் சிரப்பாகவே அதிகம் விற்றார்கள், நிறையக் குடிக்க முடியாது என்ற நினைப்பில். உங்கள் நண்பன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உச்ச வரம்பு 120 மில்லிகிராம். அந்த அளவுக்குள் இருமலை அடக்கும், அவ்வளவுதான். அளவு மீறினால், மூளையில் கெட்டமின் என்ற மயக்க மருந்து அடைக்கிற அதே வாசலைப் போய் அடைக்கிறது. மனசுக்கும் உடம்புக்கும் இடையே இருக்கும் தொடர்பு அறுகிறது. கை தன் கையாகத் தெரியாது. நெஞ்சு படபடக்கும், வியர்த்து ஊற்றும், உடம்புச் சூடு ஏறும்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் தனியாக இருக்கும் பாட்டில்களும் உண்டு. ஆனால் சளி, இருமல், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று விற்கும் கூட்டு மருந்துகளில் பாராசிட்டமால் இருக்கலாம், தும்மலுக்குக் குளோர்ஃபெனிரமின் இருக்கலாம், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் இருக்கலாம். இருமலுக்காக ஒரு ஸ்பூன் குடிப்பவருக்கு இவை எல்லாம் ஒரு ஸ்பூன் அளவே. போதைக்காகக் குடிப்பவருக்கு எல்லாமே அதே மடங்கில் ஏறும். பாராசிட்டமால் கல்லீரலை அழிக்கும். குளோர்ஃபெனிரமின் அளவு மீறினால் பிதற்றலும் வலிப்பும் வரும். இதுவரை உங்கள் நண்பன் சொன்னது சரி.

இனி என் கேள்வி: பிரிந்துவிட்டது என்று அவன் எதை வைத்துச் சொல்லப் போகிறான்?

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் சிரப்பில் எது எவ்வளவு என்று சொல்ல ஹெச்பிஎல்சி என்ற கருவி ஓடுகிறது. மிக நுண்ணிய துகள் அடைத்த எஃகுக் குழாய் வழியாகத் திரவத்தை அழுத்தத்தோடு தள்ளினால், ஒவ்வொரு மருந்தும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு எழும்பும். தூய்மை தெரிந்த மாதிரிப் பொருளை முதலில் ஓட்டி, அதனோடு ஒப்பிட்டுத்தான் இது இன்னது, இவ்வளவு என்று எழுதுகிறோம். அந்த மாதிரி இல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். வீட்டில் செய்பவனுக்கு இருப்பது கண் ஒன்றுதான். வெள்ளையாக வந்தால் சுத்தம் என்று நினைக்கிறான். பாராசிட்டமாலும் வெள்ளைப் பொடி. குளோர்ஃபெனிரமின் மாத்திரையில் போகும் பொடியும் வெள்ளை. பிரிப்பதற்குப் பயன்படுத்திய காரத்தின் மிச்சம் காய்ந்தாலும் வெள்ளை. எங்கள் அலமாரியில் இருக்கும் புட்டிகளின் லேபிளைக் கிழித்துவிட்டால் எது எது என்று இத்தனை வருடம் ஆன எனக்கும் சொல்லத் தெரியாது.

குளோர்ஃபெனிரமினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் வேதியியலில் ஒரே வகை ஆட்கள், இரண்டுமே காரத்தன்மை கொண்டவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். அதோடு கரைப்பானின் மிச்சமும் காரத்தின் மிச்சமும் வேறு. காரம் உணவுக்குழாயை வேகவைத்துவிடும். அமிலத்தைவிட ஆழமாகத் திசுவுக்குள் இறங்கும். கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்புவரை போகும். பாட்டிலின் மேல் ஐந்து மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் அச்சிட்டிருக்கும். அவன் கையில் மிஞ்சும் பொடிக்கு அந்த எண்ணும் கிடையாது. நேற்று ஒரு சிட்டிகையில் இருந்ததும் இன்று ஒரு சிட்டிகையில் இருப்பதும் ஒன்றாக இருக்காது.

என் அறைத்தோழன் கதையைச் சொல்கிறேன். கெட்ட பையன் இல்லை. வகுப்பில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். அந்த வருடம் அவன் அப்பா இறந்துபோனார், அதற்குப் பிறகு ராத்திரியில் தூக்கமே இல்லை. முதலில் சிரப் குடித்தான். பிறகு, படித்த வேதியியலை வைத்தே பிரித்துப் பார்க்கிறேன் என்றான். எனக்கும் அதில் ஒரு பரபரப்பு இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆய்வகத்திலிருந்து குடுவை எடுத்து வந்து கொடுத்தேன்.

அந்த ராத்திரி அறை முழுக்கப் பெயின்ட் கடை மாதிரி வாடை. விடியும்போது எழுந்து பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலை திரும்பியது. கண்மணி இரண்டும் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடிதுடித்துக்கொண்டே இருந்தன, ரயில் ஜன்னல் வழியே வேகமாக ஓடுவதைப் பார்ப்பவர்களின் கண் போல. எழுந்து நடந்தான். முழங்கால் மடியவில்லை. தரை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு காலையும் வைத்து வைத்துச் சோதித்தான். சட்டை முழுக்க வியர்வை. வாந்தி எடுத்தான், தூங்கிப்போனான். மறுநாள் பரவாயில்லை என்றான். இரவுச் சாப்பாடும் கொஞ்சம் சாப்பிட்டான். முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் என்னிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. பிரித்தெடுத்ததில் எதுவும் ஏறவில்லை என்று, பிரிக்காமல் வைத்திருந்த கூட்டு மாத்திரைகளையும் அதே ராத்திரி அப்படியே விழுங்கியிருக்கிறான். அதில் பாராசிட்டமால் இருந்தது.

பாராசிட்டமால் கொடுமையே இதுதான். கல்லீரல் அதை உடைக்கும்போது கொஞ்சம் நஞ்சு உண்டாகிறது, அதை முறிக்கக் குளூட்டத்தையோன் என்ற பொருள் கல்லீரலிலேயே இருக்கிறது. அளவு மீறினால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரல் செல்லையே பிடித்துக்கொள்ளும். ஆனால் முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது, குமட்டலோடு போய்விடும். முறிமருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டாம் நாள், வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அவன் சுருண்டு படுத்த பிறகு. டூட்டியில் இருந்த டாக்டர் என்னிடம் கேட்டார், "என்ன சாப்பிட்டான், எப்போ சாப்பிட்டான்?" நான், "இருமல் மருந்து மட்டும்தான் சார்" என்றேன். அந்த "மட்டும்தான்" இன்னும் என்னை விடவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற வரிக்கு எதிரே, இரண்டு இலக்கத்தில் இருக்க வேண்டிய எண் நான்கு இலக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே அவனை உலுக்கிக் கேட்டு, பாராசிட்டமாலைக் கண்டுபிடித்து, தாமதமானாலும் பரவாயில்லை என்று முறிமருந்தை ஏற்றினார். பிழைத்தான். அவன் அம்மா அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஐந்து நாளும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் போன வாரம் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று உங்கள் நண்பன் சொல்வான். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி2டி6 என்ற நொதி. பிறப்பிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்கள் உண்டு. அவர்களுக்கு மருந்து உடம்பில் வெகு நேரம் தங்கும். அவர்களுக்கே அது தெரியாது, முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. ஒருவன் தாங்கியது பக்கத்தில் இருப்பவனைச் சாய்த்துவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் மோசம். ஃபுளூஆக்சடின், பராக்சடின் போன்றவை அதே நொதியை முடக்குகின்றன. அதோடு இந்த இரண்டு வகை மருந்துமே மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை ஏற்றுபவை. சேர்ந்தால் கை கால் நடுக்கம், தசை விறைப்பு, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே வந்து நிற்கும். எல்லாம் சரியாகப் பிரிந்து, சுத்தமான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனே கையில் கிடைத்தாலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. போதைக்காகக் குடிப்பவர்களில் எத்தனை பேர் மனச்சோர்வுக்கும் மருந்து எடுப்பவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் நண்பனுக்கும் அப்போது தேவைப்பட்டது அந்தச் சிகிச்சைதான்.

சுத்தம் என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று, இது என் தொழிலையே உலுக்கியது. 2012 நவம்பர், டிசம்பரில் பாகிஸ்தானின் லாகூரிலும் குஜ்ரன்வாலாவிலும் இருமல் சிரப் குடித்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் போதைக்காகக் குடித்தவர்கள். பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று எழுதியிருந்தது. மூலப்பொருளிலோ லெவோமெத்தார்ஃபன் கலந்திருந்தது. வலது கையும் இடது கையும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்கள் அதே, எடை அதே. ஆனால் இடது பக்கத்தது உடம்பில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வலுவான ஒன்றாக மாறி மூச்சை நிறுத்தும். சாதாரணமாக ஓட்டும் ஹெச்பிஎல்சியில் இரண்டும் ஒரே முகடாகத்தான் விழும், பிரித்துக் காட்டாது. ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று வேறொரு சோதனை செய்தால்தான் தெரியும். 2013-இல் பராகுவேயில் குழந்தைகள் இதே கலப்படத்தால் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆலையும் கருவியும் ஆட்களும் இருந்தே இப்படித் தப்பிப் போயிருக்கிறது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஒளிச்சுழற்சி அளவை நான் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறேன்.

வேதியியல் தெரிந்தவன் செய்தால் தப்பு வராது என்பதும் பொய். 1976-இல் அமெரிக்காவில் ஒரு வேதியியல் மாணவர் தனக்காகவே ஒரு போதை மருந்தைத் தயாரித்தார். அவசரத்தில் ஒரு படியைச் சுருக்கினார், எம்பிடிபி என்ற அசுத்தம் சேர்ந்துகொண்டது. சில நாளில் அவர் உடல் விறைத்து, வயோதிகர்களுக்கு வரும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் பிடித்தவர் போல ஆகிவிட்டார். 1982-இல் கலிஃபோர்னியாவில் அதே அசுத்தம் கலந்ததை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் சிலை மாதிரி உறைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன்தான் காரணத்தைப் பிடித்தார். இருமல் மருந்திலிருந்து எம்பிடிபி வராது. ஆனால் மூளையைக் கெடுக்க ஒரு சிறு பிழையே போதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அவனிடம் இந்த வேதியியலை எல்லாம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், வாதத்தில் அவன் ஜெயித்துவிடுவான். எதற்காகக் குடிக்கிறாய், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள், வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் மனச்சோர்வும் வரலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். குடுவை, பாத்திரம் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அவன் ஏற்கெனவே குடித்திருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு தடுமாறினாலோ உடனே ஆம்புலன்ஸ். அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், கூட்டு மருந்து என்றால் அன்றைக்கே ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு பார்த்தாக வேண்டும். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, காலி அட்டை, பாட்டில், பொடி ஒட்டிய காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதலில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று சொல்லுங்கள். வேறு மாத்திரை எடுக்கிறான் என்றால் அதன் பெயரையும் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், வழக்கமான போதைப் பரிசோதனையில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் தெரியாது, சில சமயம் பிசிபி என்ற வேறொரு போதைப் பொருளாகத் தப்பாகவும் காட்டும். டாக்டர் கேட்கும்போது அவன் மானம் போகுமே என்று எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். நான் குறைத்துச் சொன்னேன்.

கருத்துப் பெட்டியில் செய்முறையை எழுதி இது சரியா என்று யாரும் கேட்க வேண்டாம், பதில் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது, வீட்டில் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று கேட்டால் எத்தனை மணியானாலும் எழுதுகிறேன்.